டெல்பர்ட் வண்டி வாங்கிய கதை

டெல்பர்ட்டின் அம்மாவும் என் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். எங்கள் பழங்குடியில் குலம் அம்மா வழியில் வரும்; நாங்கள் உப்புக் குலம். அவன் அப்பா கசப்புநீர்க் குலத்தார், சின்லி ஊருக்கு மேற்கே ஆடு மேய்த்தவர். டெல்பர்ட் இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். பனியில் ஐம்பது பிள்ளைகளோடு பேருந்து சறுக்கினாலும் பதறாத ஆள். அப்பேர்ப்பட்டவன் போன அக்டோபரில் பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று வாங்கத் திணறிய திணறலை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவன் மாமியார் கிளெனிபா, அதாவது அவன் மனைவி ரோசீட்டாவின் அம்மா, மண்பாதையில் இருபத்திரண்டு மைல் தள்ளி, வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் முப்பத்தைந்து ஆடுகளோடு தனியாக இருக்கிறார். அங்கே குழாய் கிடையாது. வாரம் முந்நூறு காலன் தண்ணீர் டெல்பர்ட்தான் கொண்டுபோக வேண்டும். பழைய வண்டி கியர்ப்பெட்டி உடைந்து செத்துவிட்டது. குளிர் இறுகுவதற்குள் வேறு வண்டி வராவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு அம்மாவை ஊருக்குள் அரசாங்க வீட்டுக்குக் கூட்டிவருவது என்று ரோசீட்டா முடிவு பண்ணியிருந்தாள். "ஆடு இல்லேன்னா காலையில நான் எதுக்கு எந்திரிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கேலப் நகரில் பழைய வண்டி விற்கும் இடத்தில் ஆல்வின் வேலை பார்க்கிறான். டெல்பர்ட்டுக்கு மாமன் மகன். கேலி பேசுகிற முறை, சும்மா விடுவானா?

"அத்தான், உனக்கு ரெண்டு வண்டி எடுத்து வெச்சிருக்கேன். ஒண்ணு அரை டன்னு, சின்னது, பெட்ரோல். இன்னொண்ணு ஒரு டன்னு, டீசல். உன் தொப்பையைப் பார்த்தா டீசலே தாங்குமான்னு தெரியல."

"அரை டன்னுன்னா ஆயிரம் பவுண்டுதானே ஏத்தலாம்?"

"இல்ல. கதவு ஓரத்துல ஒட்டியிருக்கு பாரு, ஆயிரத்து எழுநூறு."

"அப்புறம் எதுக்குடா அரை டன்னு?"

"தாத்தா காலத்துல வெச்ச பேரு. உன்னைக்கூட வீட்டுல புத்திசாலின்னுதான் சொல்றாங்க, நான் கேட்டேனா?"

"ஒரு டன்னு எவ்வளவு தாங்கும்?"

"மூவாயிரத்து ஐநூறு."

"விளம்பரத் தாள்ல சின்ன வண்டிக்கே பத்தாயிரம்னு போட்டிருக்கே?"

"அது பின்னால கட்டி இழுக்கறது. முதுகுல சுமக்கறது வேற. அத்தான், உன் ஆயுசுல எதையாவது சுமந்திருக்கியா நீ?"

டெல்பர்ட் அந்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். காலனுக்கு எட்டு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அவனும் ரோசீட்டாவும் ஏறி உட்கார்ந்தால் சின்ன வண்டியில் நூற்றைம்பது காலன்தான் ஏற்றலாம். பெரியதில் முந்நூறும் ஒரே நடையில் போகும். பெரியதுதான் என்று சொன்னான். அது குடிக்கும் டீசலை நினைத்துச் சின்னதுதான் என்றான். ரோசீட்டா, "ரெண்டையும் ஒவ்வொரு நாள் ஓட்டிப் பாருய்யா, என் உயிரை எடுக்காதே" என்றாள்.

சனிக்கிழமை சின்ன வண்டியில் போனார்கள். ஓடையின் மணலில் பூனை மாதிரி நடந்து கடந்தது. குறையே இல்லை என்று நினைத்துக்கொண்டு பட்டியருகே திரும்பினான். சத்தமே இல்லாத வண்டி. மாமியார் ஓர் ஆட்டின் காலைத் தூக்கிப் பிடித்துக் குளம்பைப் பார்த்துக்கொண்டு நேர் எதிரே நிற்கிறார்!

எங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. இப்போது பல வீடுகளில் விட்டுவிட்டார்கள், அந்த அம்மாள் விடவில்லை. இருபத்தாறு வருடத்தில் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. அவர் ஆட்டை விட்டுவிட்டுப் போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டார். இவன் முகத்தைத் திருப்பினான். வண்டி போய்ப் பட்டிக் கம்பத்தில் இடித்தது.

"கண்ணைத் தொறந்து ஓட்டுய்யா!"

"தொறந்தா உங்கம்மா இருக்காங்களே!"

அதனால் ஞாயிற்றுக்கிழமை டீசல் வண்டி. அதன் உறுமல் குன்றின் மேலிருந்தே கேட்டிருக்கும்; அவர் நிதானமாக வீட்டுக்குள் போயிருப்பார். ஆனால் இவர்கள் போய்ச் சேர்ந்தால்தானே? ஓடை நடுவில் முந்நூறு காலனோடு வண்டி அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் மண்வெட்டி பிடித்தும் அசையவில்லை. கடைசியில் தொட்டியைத் திறந்து பாதித் தண்ணீரை மணலுக்கு விட்ட பிறகுதான் கரை ஏறியது.

ஆக, பெரிய வண்டியிலும் போய்ச் சேர்ந்தது நூற்றைம்பதே.

டெல்பர்ட்டுக்குத் தலை சுற்றியது. டிசம்பரில் மணல் உறைந்தால் பெரியது ஓடிவிடும். மார்ச்சில் இளகினால் சிக்கும். சின்னது சிக்காது; ஆனால் சுமக்காது, கத்தாது. வண்டியை மாமியார் வீட்டின் பின்பக்கம் நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தான். ரோசீட்டா ஆட்டுக்கறிக் குழம்பும் பொரித்த ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா சின்ன வண்டியை வாங்கச் சொல்றாங்க."

"அதுல பாதித் தண்ணிதான் வரும்னு சொல்லு."

ரோசீட்டா போகவேயில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவனிடம் பேசவில்லை, மகளிடம்தான் பேசினார். "பாதின்னு எனக்குத் தெரியாதா? கணக்கெல்லாம் சொல்லவேண்டாம்னு சொல்லு."

"அப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை வரணும்னு சொல்லு, ரோசீட்டா."

"வரட்டுமே. பெரிசு வாங்கினா ஒரு தடவை வந்து ஊத்திட்டுப் போயிடுவீங்க. மத்த நாள் நான் யார்கிட்ட பேசறது, ஆட்டுக்கிட்டயா? குன்று மேல வந்ததும் ஹாரன் அடிக்கச் சொல்லு. நான் உள்ள போயிக்கறேன்."

"பெட்ரோல் ரெண்டு மடங்கு ஆகும்னு..." என்று ஆரம்பித்தான். ரோசீட்டா அழுதுகொண்டிருந்தாள். ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிறுத்திவிட்டான்.

சின்ன வண்டியை வாங்கினான். புதன் மாலை பேருந்தை நிறுத்திவிட்டும், சனிக்கிழமை காலையிலும் இருவரும் போகிறார்கள். ரோசீட்டா உள்ளே போய் இரண்டு மணி நேரம் பேசுகிறாள். அவன் தண்ணீரைத் தொட்டியில் விட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்து அதே கணக்கைத் திரும்பப் போடுகிறான். ஆடுகள் இப்போது முப்பத்தெட்டு. விற்கிற பேச்சு எழவேயில்லை.

போன வாரம்கூட என்னிடம் வந்தான். "அண்ணே, எப்படிக் கூட்டினாலும் பெரிய வண்டிதானே சரியா வருது?" என்று கேட்டான்.

"ஆமாம்ப்பா, வருது" என்றேன்.

"அப்ப நான் செஞ்சது தப்பா?"

"தப்பில்ல."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.