ரஃபத்தின் கறுப்பு வெள்ளை நோட்டீஸ்

ரஃபத்தைக் கஞ்சன் என்று மட்டும் சொல்லாதீர்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாடிவீட்டு ஸிஹாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "கலர் மைக்கு ஆகுற செலவுக்கு மனசு வரல. அதான் அவ்வளவு கூத்தும்!" அவளுக்கு என்ன தெரியும்? ரஃபத் முதலில் கேட்டதே கலர்தான்.

இருபது வருஷம் இன்னொருவர் கடையில் டர்னிப் கிழங்கை பீட்ரூட் சாற்றில் ஊறப்போட்டவர் அவர். பத்து விரலும் புது மணப்பெண்ணின் விரல் மாதிரி சிவந்தே இருக்கும். ஒவ்வொரு துண்டையும் வெயிலுக்கு நேரே பிடித்து, "இது வெக்கப்படுற சிவப்பு, இது கோவப்படுற சிவப்பு" என்று பிரித்துவைப்பார். கையில் இருந்ததையெல்லாம் போட்டுச் சொந்தமாக ஊறுகாய்க் கடை பிடித்தார். வியாழக்கிழமை திறப்பு. கூட்டம் வராவிட்டால் பழைய முதலாளியிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

திறப்பு நோட்டீஸுக்கு அச்சகத்தில் கலரில் மாதிரி ஒன்று எடுத்தார்கள். கிழங்கு நீலமாக வந்தது. ரஃபத்தின் முகம் ஊறின கிழங்கு நிறத்தில் வந்தது.

"இதைப் பாத்தா ஜனங்க ஊறுகாயை விட்டுட்டு என்னைக் கடிப்பாங்கய்யா. கறுப்பு வெள்ளையிலயே அடிங்க" என்றார். நடுவில் அவர் படம், மேலே பெரிதாகப் பெயர், தூரத்திலிருந்தே தெரிய நான்கு பக்கமும் பட்டையாகக் கறுப்புக் கரை.

எங்கள் நாபுலஸில் அப்படி ஒரு தாள் சுவரில் ஏறினால் மௌத்து, படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். எனக்கு எழுத்துத் தெரியாது. வியாழக்கிழமை காலையில் சுவரில் அவர் படத்தைப் பார்த்ததும் நடுத்தெருவில் உட்கார்ந்து கதறினேன். எழுத்துத் தெரிந்தவர்கள் யாராவது படித்துச் சொன்னார்களா? என்னோடு சேர்ந்து அழுதார்கள். ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நாற்காலிகள், துக்க வீட்டுக்கான சீனி போடாத காப்பி, அறுபது பேர்.

ரஃபத் திறப்பு விழாவுக்காகக் குளித்துக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டு ஈரத் தலையோடு கதவைத் திறந்தார். தெருவில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, முதலில் நின்ற தையற்காரரின் கையைப் பற்றி, துக்க வீட்டில் எல்லாரும் சொல்லும் ஆறுதலைச் சொன்னார்.

"போனவரோட மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும் அண்ணே. யாரு?"

தையற்காரர் காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார்.

"நீங்கதான்!" என்று சுவரைக் காட்டிக் கத்தினாள் ஸிஹாம். "உங்களுக்காக ரெண்டு கைக்குட்டை நனைச்சுட்டேன், படுபாவி மனுஷா!"

ரஃபத் சுவரைப் பார்த்தார். அறுபது பேரையும் பார்த்தார். உள்ளே போய், ஒரு வாளி ஊறுகாயோடு மறுபடி வெளியே வந்தார். ஆறுதல் சொல்ல நீண்டிருந்த கை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வைத்துக்கொண்டே, வரிசை நெடுக நடந்து, கடைப் பக்கமாகத் திரும்பினார்.