உபயப் போஸ்ட்டுகள்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைவிட்டு நடந்துகொண்டிருந்தேன். காலையில் பெய்த மழையில் ரோட்டோரம் சேறாகிக் கிடந்தது. செருப்பு ஒவ்வோர் அடிக்கும் ஒட்டிக்கொண்டு வந்ததால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று தாண்டிப் போனது. கை காட்டினேன். நிற்கவில்லை.

ரோட்டில் நான் நட்ட போஸ்ட்டுகள் நின்றன. ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம், இன்னொன்று வடிகாலைத் தாண்டி யாருடைய வாழைமரத்துக்கோ காவலாக. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு குடும்பத்தின் பெயர், அதற்குக் கீழே ‘உபயம்’. எதிலும் கேபிள் கிடையாது. காறித் துப்பிவிட்டு நடந்தேன்.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. ஜொகூரில், பெக்கோக்கிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரே ரோடு, அதன் இரண்டு பக்கமும் வீடுகள், ஒரு கோயில், ஒரு சின்ன தேவாலயம், சில கடைகள். நான் அங்கே இரும்புக் கடையில் மூட்டை தூக்க வந்தவன். படிவம் இரண்டோடு பள்ளியை விட்டதிலிருந்து எந்த ஊரிலும் அதிக காலம் தங்கியதில்லை. ரோட்டின் கடைசி வீட்டில் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

அந்த வீட்டு அக்காவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவின் புருஷனுக்கு இனிப்பு நீர் முற்றி ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக்கூட ஒருவர் கைகொடுக்க வேண்டும். அக்கா முன்பு சிங்கப்பூரில் வேலை செய்தவர், ஆங்கிலம் சரளமாக வரும். ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. மாதக் கடைசிக்குள் வீட்டில் நிலையான இணைய லைன் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இல்லையென்றால் அக்காவுக்கு மிஞ்சியது செனாய் ஃபேக்டரிதான். ஹாஸ்டலில் தங்கி, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். மீதி நாளெல்லாம் அந்த மனிதரை யார் பார்ப்பது?

ஊரில் போனுக்கு சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் மட்டும்தான். அக்கா அங்கே கல்லில் உட்கார்ந்துதான் நேர்முகத் தேர்வு கொடுத்தார். தூறல் போட்டது. நான் பின்னால் நின்று லேப்டாப்புக்குக் குடை பிடித்தேன். பின்னால் நிற்பது யார் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். “குடைக்கம்பு, சார்” என்று அக்கா சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று அக்கா பிறகு சொல்வார்.

லைன் வேண்டும் என்று ஊர் முழுக்கவே பேச்சு இருந்தது. படிக்கிற பிள்ளைகளும் அந்த மேட்டில்தான் போய் நிற்பார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். தேவாலயத்து ஆட்களும் வந்தார்கள். கேபிள் கம்பெனி ஏஜென்ட், ஒரு சீன இளைஞர், மலாயில் விளக்கினார். தோட்டத்து மின்சாரப் போஸ்ட்டுகளிலேயே கேபிள் ஊர் எல்லைவரை வந்துவிடும். அங்கிருந்து கடைசி வீடுவரை போஸ்ட் நடுவதை ஊர் ஏற்றுக்கொண்டால் கம்பெனி உடனே வரும். மறுநாள் அவரே ரோட்டின் ஒரு பக்கமாக முளைக்குச்சி அடித்து, சிவப்புப் பிளாஸ்டிக் கட்டிவிட்டுப் போனார். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, முறுக்கி வளைத்தால் உடைந்துவிடும், அதனால் “லூருஸ், லூருஸ்” என்று கையை நேராக நீட்டி நீட்டிக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினோம். யாருக்கும் புரியாமல் இல்லை.

கோயில் தலைவர்தான் என் முதலாளி, இரும்புக் கடைக்காரர். அவருக்கு ஊரைக் கூட்டத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“திருவிழாவுக்கு எப்படிச் செய்யுறோம்? ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் உபயம். அதே மாதிரிதான் லா. ஒரு போஸ்ட்டுக்கு ஒரு உபயம். பேரு எழுதிடலாம்.”

அன்று மாலைக்குள் எல்லாப் போஸ்ட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. வடிகால் சுத்தம் செய்யக் கூப்பிட்டால் இடுப்பு வலிக்கிறது என்பவர்கள்கூடக் கடைக்கு வந்து போஸ்ட் கேட்டார்கள். அக்கா என்னிடம், “பார்த்தியா தம்பி, நம்ம ஆளுங்களைக் குறை சொல்லிக்கிட்டே இருந்தியே” என்றார். நானும் வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் எவ்வளவு வீண் என்று சீக்கிரமே தெரிந்தது.

முதல் போஸ்ட் யாருடையது? அங்கே ஆரம்பித்தது. தோட்டத்தில் தண்டலாக ஆள் மேய்த்தவரின் மகன், திருவிழாவில் முதல் நாள் உபயம் தங்கள் குடும்பத்துடையது, அதனால் ஊர் எல்லைப் போஸ்ட்டும் தங்களுக்கே என்றார். லோரி வைத்திருப்பவர் விடவில்லை.

“உங்க அப்பா காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுத்தாரு, சரி. இப்ப போஸ்ட்டுக்கும் நீங்கதான் பெரட்டு எடுப்பீங்களா?”

“நேத்து லோரி வாங்கினவன்லாம் இன்னிக்கு முதல் மரியாதை கேக்குறான், அலமாக்!”

நடுகிற வேலையை முதலாளி என்னிடம் விட்டிருந்தார். கடைசியில் எல்லையில் எதிரும் புதிருமாக இரண்டு முதல் போஸ்ட்டுகள் நட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் போஸ்ட் தன் வாசலில் நிற்க வேண்டும் என்றார்கள்.

“காசு என்னோடது, பேரு என்னோடது, அது அவன் வீட்டு முன்னால நிக்கணுமா? நல்லா இருக்கே!”

தேவாலயத்து ஆட்கள் தங்களுடையது தேவாலயத்துக்கு நேராக வர வேண்டும் என்றார்கள். முளைக்குச்சிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அக்கா வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினார். “வருவான், பார்ப்பான், அப்புறம் ஏதாவது சரி பண்ணிக் கொடுப்பான், கம்பெனிக்காரன்தானே” என்றார்கள். தலைவரிடம் போனபோது அவர், “பேரு போட்டாச்சு, இப்ப போய் நகர்த்துன்னு நான் எப்படிச் சொல்றது? அடுத்த திருவிழாவுக்கு எவன் கோயில் பக்கம் வருவான்?” என்றார். நான் அவரிடம் கூலி வாங்குகிறவன். காட்டிய இடத்தில் தோண்டினேன்.

கேபிள் ஆட்கள் வந்த காலையில் ராகுகாலம் முடியட்டும் என்று அவர்களை நிறுத்தி வைத்தார்கள். உபயகாரர்களுக்கு மாலை போட்டார்கள். இரண்டு முதல் போஸ்ட்டிலும் இரண்டு தேங்காய் உடைந்தது. அந்த ஏஜென்ட் ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. இது போஸ்ட் வரிசையா, பாம்பா என்று மலாயில் கேட்டார். இதில் இழுத்தால் ரோட்டைக் குறுக்கே குறுக்கே கடக்க வேண்டும், லோரியில் அடிபடும், கேபிளும் தாங்காது என்றார். பிடுங்கி நேராக நட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், அதுவரை வரிசையில் அடுத்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லி, கேபிள் உருளையை இறக்காமலே லோரியைத் திருப்பினார்.

அன்றே மறுபடி கூட்டம். அக்கா எழுந்து நின்று தன் வேலையைச் சொன்னார், மாதக் கடைசியைச் சொன்னார், புருஷனைச் சொன்னார். எல்லாரும் பாவம் என்றார்கள். பிறகு லோரிக்காரர் தண்டல் மகனைப் பார்த்து, “முதல்ல அவரு பிடுங்கட்டும்” என்றார். “தேங்காய் உடைச்ச உபயத்தை எவனாவது பிடுங்குவானா? வீடு விளங்குமா?” என்றார் அவர். தேவாலயத்து ஆட்கள், கோயில்காரர்கள் முடிவெடுத்ததும் நாங்கள் யோசிப்போம் என்று எழுந்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், கடப்பாரையைக் கொண்டுவருகிறேன், நானே பிடுங்குகிறேன் என்று கத்தினேன்.

“நீ யாருடா? இந்த ஊர்க்காரனா? உபயம் கொடுத்தியா?” என்றார் தலைவர்.



மாதக் கடைசி தாண்டியது. கம்பெனியிலிருந்து, வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று தகவல் வந்ததை அக்கா அதே மேட்டில் நின்றுதான் படித்தார். குளுவாங்கிலிருந்து அக்கா புருஷனின் தம்பி காரைக் கொண்டுவந்தார். அண்ணனைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். அவர் அக்காவின் கையை விடவில்லை. தம்பி வீட்டில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அக்கா ஃபேக்டரி வேனில் ஏறும்போது தலைவர் வழியனுப்ப வந்து நின்றார்.

“அண்ணே, உங்க பேரு ரொம்ப தூரத்துலேர்ந்தே தெரியுது. நல்லா எழுதியிருக்காங்க” என்றார் அக்கா. தலைவர் போஸ்ட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

வீட்டைப் பூட்டியதும் என் அறையும் பூட்டில் போனது. கடையில் சொல்லிக்கொள்ளாமல் பையை எடுத்தேன். அப்படித்தான் அன்று நடந்துகொண்டிருந்தேன். தோட்டத்தைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பஸ் நிற்கும் கொட்டகையில் படுத்தேன். கொசு தூங்கவிடவில்லை.

காலையில் எதிர்க்கடையில் கோப்பி குடிக்கப் போனால், அந்த ஏஜென்டும் அவர் ஆட்களும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஏஜென்ட் என்னை அடையாளம் கண்டுகொண்டார். போஸ்ட் நேராகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஓர் ஆள் வரவில்லை, கேபிள் இழுக்க வருகிறாயா, நாள்கூலி என்றார். சரி என்று லோரியில் ஏறினேன். எங்கள் ஊரில் இறங்காத அதே உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த ஊர் ஒரு சீனக் கம்பம், சீனர்கள் வாழும் கிராமம். போஸ்ட்டுகள் ரோட்டின் ஒரே பக்கம், ஒன்றுக்குப் பின் ஒன்று. ஒன்றிலும் பெயர் இல்லை. கடைசி வீட்டுத் தாத்தா வேலி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குச் சீன நாடகத் தொடர் பார்க்க வேண்டுமாம். மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, கேபிள் முனையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன்.