கிளாரினெட்காரியின் முப்பத்திரண்டு கட்டங்கள்

ஸ்கந்தபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகிற காலை பஸ்ஸில் பிரஷாந்தினி வாயைத் திறக்கமாட்டாள். திறந்தால் உதடுகளுக்கிடையில் கவ்வியிருக்கும் ரீட் விழுந்துவிடும். கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் வைத்து இறுக்குகிற, விரலளவு நாணல் தகடு அது. ஊதுவதற்கு முன் எச்சிலில் ஊற வேண்டும். இரண்டு நிமிடம் ஊறினால் போதும். பிரஷாந்தினி கிளிநொச்சி வரும்வரை ஊறவைப்பாள். கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஈர்க்கால் பல்லைக் குத்திக்கொண்டு வெளியே வருகிற பெரிய மனிதரைப் போல, அந்தத் தகட்டைக் கவ்வியபடி, கொண்டக்டரிடம் சீசன் ரிக்கெற்றைத் தூக்கிக் காட்டுவாள். வேறு ஏதாவது கேட்டால் புருவத்தால் பதில் வரும்.

கறுப்புப் பெட்டிக்குத் தனி இருக்கை. கத்தரிக்காய்ப் பையோடு சந்தைக்குப் போகிற அழகம்மா அதற்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "என்னா பாப்பா பொட்டிக்குள்ள, நாயனமா?" என்று மூன்று மாதங்களுக்கு முன் முதல் நாள் கேட்டார். பிரஷாந்தினி ரீட்டை வாயிலிருந்து எடுத்து, "நாயனம் இல்லை, கிளாரினெட்" என்று சொல்லிவிட்டு மறுபடி கவ்விக்கொண்டாள். அன்றிலிருந்து அழகம்மா நாள் தவறாமல் அதே கேள்வியைக் கேட்கிறார். பதில் அவருக்கு மனப்பாடம். அந்தப் பிள்ளை தகட்டை எடுத்து, சொல்லி, திரும்ப வைக்கிற சீரைப் பார்ப்பதற்காகவே கேட்கிறார். பிரஷாந்தினிக்கு அது தெரியாது. ஊரில் இப்படியும் அறிவில்லாத சனம் இருக்கிறதே என்று நாடியை, அந்தக் கூரான முகவாயை, இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வாள்.

நாடி உயர்ந்தே இருக்கும். கிளாரினெட் வந்த பிறகு வந்த பழக்கம் அது. தேநீர் குடிக்கும்போதும், செருப்பைத் தேடும்போதும் நாடி கீழே இறங்குவதில்லை. பதினேழு வயது, உயர்தரம் படிக்கிறாள், ஈர்க்கு மாதிரி உடம்பு, இரட்டைப் பின்னல். எதைப் பற்றிக் கேட்டாலும் முடிவில் ஒரு வசனம் வரும்: "அது உங்களுக்கு விளங்காது."

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய பெட்டி நிறைய வாத்தியங்கள் அனுப்பியிருந்தார்கள். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் யாரையும் அனுப்பவில்லை. வயலின் மட்டும் படித்த விமலேஸ்வரி ரீச்சர் புத்தகத்தையும் கைத்தொலைபேசியையும் பார்த்து மற்றவற்றைக் கற்றுக்கொண்டு, கற்ற அன்றே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். வாத்தியங்களைப் பங்கிட்ட நாளில் பிரஷாந்தினி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அடுத்த நாள் வந்தபோது வயலின், ட்ரம்பெட், ட்ரம், கீபோர்ட் எல்லாவற்றுக்கும் ஆள் விழுந்திருந்தது. எச்சிலில் ஊறவைக்க வேண்டுமென்று கேட்டவுடன் எல்லாரும் அருவருத்து ஒதுக்கிய கிளாரினெட் மட்டும் மேசையில் தனியாகக் கிடந்தது. இந்த வரலாற்றை அவள் வேறு மாதிரிச் சொல்வாள். "கிளாரினெட் எல்லாருக்கும் குடுக்கமாட்டினம்."

அன்று அவள் வராததற்குக் காரணம் நெல். காலபோக அறுவடை முடிந்து வீட்டுக்கு வந்த நெல்லை அவளுடைய அப்பா குகதாசன் அளக்கிற நாள் அது. விற்கிற நெல்லை வியாபாரியின் தராசு நிறுக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வைப்பதைப் பனையோலைக் கடகத்தால் அளப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அவர் அள்ளிக் கொட்டுவார், மகள் சாக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். ஏழு வயதிலிருந்து எண்ணுகிறாள். ஒரு கடகம் பிழைத்ததில்லை. அதையும் அவள் சும்மா விட்டதில்லை. வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

பயிற்சி வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியடியில் நடக்கும். கிளாரினெட் முதல் இரண்டு வாரம் கதவிடுக்கில் அகப்பட்ட நாய்க்குட்டி மாதிரிக் கத்தியது. அம்மா கமலாசனி நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், "மோட்டர் போடேக்க ஊது பிள்ளை." மோட்டர் ஓடும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எது எதன் சத்தமென்று தெரியாது. பிரஷாந்தினி அம்மாவுக்கும் விளங்காது என்று தீர்மானித்துவிட்டு, அறைக்குள் போய் அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று ஊதினாள். ஊதியதைவிட நின்றதுதான் அதிகம்.

பள்ளிக்கூட வாத்தியக் குழுவின் நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்ட இசை தாளில் கோடு கோடாகப் பிரித்த தொண்ணூற்றாறு கட்டங்கள். அதில் கிளாரினெட் ஊதுவது இருபத்தேழு கட்டம். மிச்சம் முழுவதும் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இந்த விபரம் அவளுடைய உறவினர் எவருக்கும் தெரியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: நடுவில், முப்பத்திரண்டு கட்டம் மற்றவர்கள் வாசித்து முடித்த பிறகு, நாலு கட்டம் எல்லா வாத்தியமும் நிற்கும், கிளாரினெட் மட்டும் தனியே கேட்கும். "அதுதான் மெயின். மற்றதெல்லாம் அதுக்கு முன்னுக்கு வாறது, பின்னுக்கு வாறது." குகதாசன் இதை அப்படியே நம்பினார். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு வருவதாக ஊரில் சொல்லிவிட்டார். சின்னம்மா வீட்டார், தேத்தண்ணிக் கடை நல்லதம்பி, வாய்க்காலுக்கு அங்கால் காணிக்காரர் என்று பட்டியல் நீண்டது.

சங்கடம் என்னவென்றால், அந்த நாலு கட்டத்துக்கு அவள் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஒத்திகையில் எல்லா வாத்தியமும் நிற்கும். ஒரு கட்டம் முழுவதும் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு, அவசரமில்லாமல், ஆறுதலாக, கிளாரினெட் எழும்பும். இரண்டு கட்டமோ மூன்று கட்டமோ பிந்தினால் மறதி என்று சொல்லலாம். இவள் எப்போதும் சரியாக ஒரே ஒரு கட்டம் பிந்துவாள். மற்றவர்கள் நிறுத்துவதைக் கேட்டு வரலாமே என்று ரீச்சர் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "கேட்டு வாறது மற்றாக்கள். நான் எண்ணி வாறனான். அவையள்தான் முந்தி ஓடினம்." மற்ற இருபத்தெட்டுப் பேரும் ஒன்றாகச் சேர்ந்து பிழை விடுகிறார்கள், தான் ஒருத்தி மட்டும் சரி என்று நம்புவதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும்! அது அவளிடம் வேண்டியதற்கு மேலாகவே இருந்தது.

நிகழ்ச்சிக்கு ஒரு கிழமை இருக்கையில் விமலேஸ்வரி ரீச்சருக்குப் பொறுமை முடிந்தது. கீபோர்ட்டில் கிளாரினெட் என்று எழுதிய ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் கட்டைகளிலிருந்து கிளாரினெட் சத்தம் வரும். கீபோர்ட் வாசிக்கிற ஜெயந்தனிடம் அந்த நாலு கட்டத்தையும் பழகி வைக்கச் சொன்னார். ஜெயந்தன் ஒருமுறை தாளைப் பார்த்தான், அமுக்கினான், வாசித்தான். எச்சிலும் இல்லை, நாடியும் இல்லை, பிந்தவும் இல்லை. பிள்ளைகள் சிலர் கை தட்டினார்கள்.

பிறகு ரீச்சர் பிரஷாந்தினியை எழுப்பி, மற்றவர்கள் வாசிக்க, ஊதாமல் வாயால் எண்ணச் சொன்னார். ரீச்சரின் கையில் தாளம் காட்டுகிற கோலுக்குப் பதிலாகக் கோடு போடுகிற அடிமட்டம் இருந்தது. அது கீழே இறங்கியது.

"அம்மாளாச்சிக்கு," என்றாள் பிரஷாந்தினி, தெளிவாக.

அடிமட்டம் இரண்டாம் கட்டத்துக்கு இறங்கியது. "ஒண்டு," என்றாள்.

அடிமட்டம் அந்தரத்தில் நின்றது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அதற்கு முதல் என்ன சொன்னாய் என்று ரீச்சர் கேட்டார். அதற்கு முதல் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அவள். உண்மையாகவே தான் சொன்னதை அவள் கேட்டிருக்கவில்லை. ட்ரம் அடிக்கிறவன்தான் முதலில் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது.

குகதாசன் வீட்டில் அள்ளுகிற முதல் கடகம் நெல் வற்றாப்பளை அம்மனின் பொங்கலுக்கு. அது தனிச் சாக்கில் போகும்; அதை எண்ணுவதில்லை. "அம்மாளாச்சிக்கு" என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, அடுத்த கடகத்திலிருந்துதான் ஒன்று, இரண்டு. பத்து வருடம் சாக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணிய நாக்கு, தாளில் வந்த முப்பத்திரண்டிலும் முதலாவதை அம்மனுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மூன்று மாதமாகச் சரியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

வேறொரு பிள்ளையென்றால் அழுதிருக்கும், அல்லது தானும் சேர்ந்து சிரித்திருக்கும். பிரஷாந்தினி சிரிப்பு அடங்கும்வரை நாடியை உயர்த்தியபடி நின்றாள். பிறகு சொன்னாள், "நான் எண்ணினது சரி, ரீச்சர். தாள் எழுதினவை அம்மாளாச்சிக்கு இடம் விடேல்லை."

தாளைத் திருத்த முடியாது என்றார் ரீச்சர். நிகழ்ச்சியன்று ஜெயந்தன் பொத்தானை அமுக்கி, விரலைக் கட்டையில் தயாராக வைத்திருப்பான். அவள் வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் அவன் வாசிப்பான். அதுதான் முடிவு.

அன்று மாலை பஸ்ஸில் ரீட் வாயில் இல்லை. அவள் பயந்துபோயிருந்தாள். பொத்தானிடம் தோற்பது ஒரு பக்கம். அதைவிடச் சுட்டது வேறு ஒன்று. லாண்ட்மாஸ்டரில் வருகிற பதினொரு பேருக்கும் எது கிளாரினெட், எது பொத்தான் என்று தெரியப்போவதில்லை. ஜெயந்தன் வாசிக்க, அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு இருக்க, எங்கள் பிள்ளை ஊதுகிறாள் என்று அப்பா எழும்பி நின்று கை தட்டுவார். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று மூன்று மாதமாகச் சொல்லித் திரிந்தவளுக்கு, அது உண்மையாக இருக்குமே என்று முதல் தடவையாக உறைத்தது.

அந்தக் கிழமை முழுவதும் வாய்க்கால் கரையில் நடந்து நடந்து எண்ணினாள். ஒன்று என்று தொடங்க வாயைத் திறந்தால் அம்மாளாச்சி வந்து நின்றார். நாக்கைக் கடித்துப் பார்த்தாள். விரலை மடக்கிப் பார்த்தாள். அம்மாளாச்சிக்கு நிற்காமல் ஒன்று சொன்ன நேரங்களில் எதையோ களவெடுத்தவள் மாதிரி இருந்தது, இரண்டு மூன்றுக்குள் எண்ணிக்கை கலைந்துபோனது. யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பிரஷாந்தினி இல்லை.

நிகழ்ச்சியன்று மண்டபம் நிறைந்திருந்தது. பின் வரிசையில் பதினொரு பேரும் குளித்து, பவுடர் போட்டு, கதிரை விளிம்பில் இருந்தார்கள். ரீச்சர் அடிமட்டத்தை உயர்த்தினார். பிள்ளைகள் வாத்தியங்களை எடுத்தார்கள். பிரஷாந்தினி எடுக்கவில்லை. குனிந்து, காலடியில் கிடந்த கறுப்புப் பெட்டியைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஒரு பிடி நெல். அதைப் பெட்டிக்குள் கொட்டினாள். உதடு அசைந்தது. மூடியை மூடிவிட்டு, கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு, இனித் தொடங்கலாம் என்பதுபோல ரீச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள். உயர்த்திய அடிமட்டத்தோடு ரீச்சர் அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் அந்த முப்பத்திரண்டு கட்டமும் வந்து ஓடியது. அவளுடைய உதடுகள் ஒன்றிலிருந்து தொடங்கின. பக்கத்தில் ஜெயந்தன் பொத்தானை அமுக்கி, சுட்டுவிரலைக் கட்டையில் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தான். எல்லா வாத்தியங்களும் நின்றன. மின்விசிறிச் சத்தம் கேட்பதற்குள் கிளாரினெட் எழும்பியது. அழகான நாதம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாம் கட்டத்தில் கொஞ்சம் காற்றுப் போனது, நாலாம் கட்டத்தில் பழைய நாய்க்குட்டி ஒருமுறை எட்டிப் பார்த்தது. ஆனால் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்கு முடிந்தது. பின் வரிசையில் குகதாசன், இசை இன்னும் முடியவில்லை என்று தெரியாமல், எழும்பி நின்று கை தட்டினார். பதினொரு பேரும் தட்டினார்கள்.

அடுத்து அவளுக்குப் பதினான்கு கட்டம் ஓய்வு. கிளாரினெட்டை மடியில் வைத்தாள். கை தட்டியவர்களை அவள் பார்க்கவில்லை, ரீச்சரையும் பார்க்கவில்லை. ஜெயந்தனின் விரல் இன்னும் அந்தக் கட்டையில்தான் இருந்தது. பிரஷாந்தினி முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி, இலையில் விழுந்த கறிவேப்பிலையை எடுப்பதுபோல அந்த விரலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, அவனுடைய மடியில் கொண்டுபோய் வைத்தாள். அவளுடைய உதடுகள் அதற்குள் மூன்றாம் கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தன.