முதலாளி வீட்டுப் பெரிய பிளசர்

அந்தக் காரின் பின்கதவைச் சாத்தினால், நெல்மூட்டையைத் தரையில் இறக்கி வைத்தது போல ஒரு சத்தம் வரும். இப்போது ஓடுகிற கார்களின் கதவைச் சாத்தினால் எண்ணெய் டின்னைத் தட்டின மாதிரிதான் இருக்கிறது. அது அமெரிக்காக்காரன் செய்த வண்டி. எங்கள் பக்கத்தில் அப்போது எந்தக் காரையும் பிளசர் என்போம், இதைப் பெரிய பிளசர் என்போம். மேலே பால் நிறம், கீழே பச்சை. முன்னால் மூணு பேர், பின்னால் நாலு பேர் இடிக்காமல் உட்காரலாம். கே.கே. நகரில் முதலாளி வீட்டு முன்னால் அது நின்றால் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் அதை முப்பத்தோரு வருசம் ஓட்டினார். அந்தக் கதவை எம்புட்டோ பேருக்குத் திறந்துவிட்டார். எனக்குத் திறக்க நான் ஒருநாளும் விட்டதில்லை.

போன வாரம் என் மருமகன் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அத்தே, இந்த மாதிரி பழைய அமெரிக்க வண்டி ஒண்ணு விலைக்கு வருது. மாமா ஓட்டுனதுதானே? இப்ப வாங்குனா தேறுமா?" என்று கேட்டார். தேறாது என்று சொல்ல எனக்குத் தெரியும். ஏன் தேறாது என்று அன்றைக்கு ஒரு மெக்கானிக் சொன்னதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் வாய் வரவில்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

நான் கொஞ்சம் வீம்புக்காரி, அதை மறைக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த புதுசில் முதலாளியம்மா கட்டிக் கழித்த சேலைகளைக் கொடுத்தனுப்புவார். மடிப்புக் கலையாமல் அப்படியே திருப்பி அனுப்பினேன். "டிரைவர் பொண்டாட்டிக்குக் கொழுப்பப் பாரு" என்று சமையல்காரம்மா சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. சொல்லட்டும். நான் களையெடுத்துக் கட்டின சேலை எனக்குப் போதும். ரெண்டாவது மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிற அன்றைக்கு, இவர் முதலாளியிடம் கேட்டுப் பிளசரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். அடுத்தவன் காரில் ஏற மாட்டேன் என்று பிள்ளையோடு ரிக்ஷாவில் ஏறிவிட்டேன். விளாங்குடியில் எங்கள் வீடு வரைக்கும் ரிக்ஷா முன்னால் போக, அந்தப் பெரிய கார் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ரிக்ஷாக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்து, "என்னத்தா, கலெக்டர் வாராரா நம்ம பின்னாடி?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதலாளி காலமான பிறகு வண்டி கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. இவருக்குச் சர்க்கரை வந்து கண்ணில் இறங்கியது. ரெண்டு தடவை ஊசி போட்டும், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிரில் வருகிறது ஆள் என்று தெரியும், யாரென்று தெரியாது. அந்தச் சமயத்தில்தான் சின்னவர், அதாவது முதலாளியின் மகன், வெளியூரிலிருந்து வந்து வீட்டை விற்கப்போகிறார், காரையும் தள்ளிவிடப்போகிறார் என்று அங்கிருந்த வாட்ச்மேன் சொல்லியனுப்பினார்.

இவர் என்னிடம் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. சோற்றில் உப்பில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டார். அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "பெரிய பிளசரை நம்ம வாங்கிப் போடுவமா புள்ள?" என்றார்.

"எதுக்கு? ஓட்டவா? வாசல்ல எருமை நின்னா மாமான்னு கூப்புடுறீக."

"ஓட்டுறதுக்கில்ல. அது பாட்டுக்கு நிக்கட்டும். ஞாயித்துக்கிழமை கழுவித் தொடைப்பேன். அம்புட்டுத்தான்."

"நம்ம முடுக்குக்குள்ள அது திரும்புமா?"

"நடந்து பார்த்துட்டேன். அந்த முருங்கைய வெட்டிட்டா நிக்கும்."

கண் தெரியாத மனுசன் எப்போது போய் அளந்தார் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன், வீட்டிலிருந்த ரெண்டு பசுவை விற்றாவது வாங்கிக் கொடுத்துவிடுவது என்று.

அந்த வண்டிக்கு ஆதியிலிருந்து வேலை பார்த்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு கே.கே. நகருக்குப் போனோம். அவர் தார்ப்பாயை விலக்கி, கீழே படுத்துப் பார்த்துவிட்டு வந்து, இவர் காதில் விழாமல் என்னைத் தள்ளிக் கூப்பிட்டார். "மதினி, இது வண்டியில்ல, வாய். போட்டதெல்லாம் தின்னும். நல்லா ஓடுன காலத்துலயே லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். அடித்தகட்டைக் கையால அமுக்குனா அப்பளமா நொறுங்குது. பிரேக்குக்கு ஒரு வாசர் வேணும்னாலும் லேத்துப் பட்டறையில கடைஞ்சு வாங்கணும். அண்ணன் மனசு நோகுமேன்னு சொல்லாம இருக்கேன். வாங்காதீக."

"நின்னா போதும்ங்குறாரு தம்பி."

"நிக்கிறதுக்கும் காலு வேணும்ல மதினி?"

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமென்று தெரிந்தும் வாங்குவது என்றுதான் நின்றேன். இவர் அந்தப் பக்கம் விளக்கு, பம்பர், கண்ணாடி என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் சின்னவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நல்ல பிள்ளை. "டிரைவரண்ணே, நீங்களே இதை எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். அப்பா இருந்தாலும் உங்களுக்குத்தான் குடுத்திருப்பாரு" என்றார்.

எனக்கு அந்தப் பழைய சேலைகள்தான் கண்முன் வந்தன. "தம்பி, எங்களுக்கு இனாமா வேணாம். ஒரு விலை சொல்லுங்க, குடுத்து எடுத்துக்கிறோம்" என்றேன்.

"ஐயோ, இதுக்கு என்னம்மா விலை சொல்றது?" என்று சிரித்தார். கூச்சத்தில் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை. "விலையில்லாத பொருளைக் கொண்டுபோய் நாங்க என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினேன். இவர் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று நினைத்தேன். 'எனக்கு வேணும்' என்று சொன்னால் என் வாயை நானே அடைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இவர் ரெண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து, தலையைக் குனிந்து நின்றார். முதலாளி வீட்டுக் கொட்டகையில் முப்பத்தோரு வருசம் அப்படித்தான் நின்றிருக்கிறார். அங்கே கேட்டால்தான் பேசுவார், யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மெக்கானிக் மட்டும் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ரெண்டு தடவை பஸ் ஏறி கே.கே. நகர் போனேன். 'சும்மாவே கொடுங்க தம்பி, வாங்கிக்கிறோம்' என்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். ரெண்டு தடவையும் அந்தத் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூணாவது தடவை போவதற்குள் கொட்டகை இடிந்துகிடந்தது. வண்டியூர்ப் பக்கம் புதுசாகக் கல்யாண மண்டபம் கட்டினவர் காரைக் கிரேன் வைத்துத் தூக்கிப்போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

ஒரு வருசம் கழித்து என் அக்கா பேத்திக்கு அந்த மண்டபத்திலேயே கல்யாணம் வைத்தார்கள். போகாமல் இருக்க முடியுமா? இவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நுழைந்ததும் சீரியல் லைட்டு போட்டு, மாலை போட்டு, அது நின்றது. சொல்லாமல் தாண்டிக் கூட்டிப்போய்விடலாம் என்று பார்த்தேன். இவர் கை எப்படியோ அதன் மேல் பட்டுவிட்டது. நின்றுவிட்டார்.

"நம்ம வண்டி."

"ஆமா."

"நல்லா வச்சிருக்காகளா?"

நான் பார்த்தேன். செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். டயர் கிழிந்து தொங்கியது. இஞ்சினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். "நல்லாத்தான் வச்சிருக்காக" என்றேன்.

"டயர்ல காத்து இருக்கா?"

"இருக்கு."

"ஓட்டுறாகளா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "மாப்பிள்ளை அழைப்புக்கு இதுலதான் ஊர்வலமாம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓட்டுறாகளாம்" என்று சொல்லிவிட்டேன்.

இவர் கொஞ்சநேரம் அந்தத் தகட்டின் மேலேயே கையை வைத்திருந்தார். கோபமில்லை. குரல்கூட மாறவில்லை.

"அப்ப வாங்கியிருக்கலாம்ல புள்ள" என்றார்.

இல்லை, இது ஓடாது, உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னால் அவருக்கு மிச்சமிருக்கிற வண்டியும் போய்விடும். சொல்லாவிட்டால், ஓடுகிற வண்டியை வேண்டாமென்றவள் நான். அதற்குள் போட்டோக்காரப் பையன் வந்து, "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொண்ணு மாப்ள நிக்கணும்" என்றான். இவர் சட்டென்று கையை எடுத்துத் தொடையோடு ஒட்டிக்கொண்டு ரெண்டு எட்டு பின்னால் போனார். என்னை யாரும் அப்படி ஒதுங்கச் சொல்லி நான் சும்மா இருந்ததில்லை. அன்றைக்கு நானும் அவர் பக்கத்தில் போய் ஒதுங்கி நின்றேன்.