ஸ்பிரிங் மாற்றிய ஏர்கன்

என் கணவர் வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருடம் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கல்யாணமான கையோடு போனவர், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வந்து சேர்ந்தார். இடையில் லீவில் வருவார். லீவில் வருகிறவர் விருந்தாளிதானே, நல்ல சாப்பாடு போட்டு அனுப்பிவைப்பேன். நடவுக்கு ஆள் சொல்வது, வாய்க்கால் தண்ணீருக்கு மேல்மடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பது, கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடப்பது எல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அவர் வந்த பிறகும் ஆட்கள் என்னிடம்தான் வந்து நின்றார்கள்.

"அண்ணி, நாளைக்குக் களையெடுக்க எத்தன பேரு வரணும்?"

அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஏதாவது சொல்ல வாயெடுப்பார். "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்பேன். அன்பாகத்தான் சொன்னேன். அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கும்பகோணம் போய்விட்டு நீளமான அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஏர்கன். "தென்னையில எலி குடையுது, பாத்தியா? அதுக்குத்தான்" என்றார். லைசென்ஸ் தேவையில்லாத ரகம், கடைக்காரரே பில் போட்டுக் கொடுத்தார் என்று அந்தப் பில்லையும் காட்டினார். எலிக்கு யாராவது பகலில் துப்பாக்கி தூக்குவார்களா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். கொல்லைச் சுவரின் மேல் கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்துச் சுடுவார். டொக், டொக் என்று சத்தம் வரும். சிலது விழும், சிலது விழாது. தென்னை உச்சிக்குச் சுட்டால் குண்டு போன இடமே தெரியாது. "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொண்டார்.

பிறகு தஞ்சாவூரில் யாரோ ஒரு ரிப்பேர்காரரைப் பிடித்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டு வந்தார். அதன் பிறகு குழலை மடக்கவே தொடையில் வைத்து மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. சத்தமும் மாறிவிட்டது, தகரத்தில் கட்டையால் அடித்தாற்போல். தென்னை உச்சியில் குரும்பை தெறித்து விழுந்தது. வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, "காபி குடு" என்று கேட்டார். வேலை முடிந்து வந்த மனிதர் கேட்கிற மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அந்த ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அவள் என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவள் மாடு வைத்திருக்கிறாள், எங்களுக்கும் பால் அங்கிருந்துதான். ஒரு வாரமாகவே கறவை மாடு பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது, தொடை வீங்கியிருக்கிறது, மடியில் கை வைத்தால் உதைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கால்நடை டாக்டர் வந்த அன்று, கயிற்றைப் பிடிக்க என்னையும் கூப்பிட்டாள். போனேன்.

டாக்டர் வீக்கத்தைக் கீறினார். சீழ் வடிந்தது. விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்துத் தண்ணீரில் கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நசுங்கிய ஈயக் குண்டு.

"பக்கத்துல யாராச்சும் ஏர்கன் வச்சிருக்காங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். எங்கள் கொல்லைச் சத்தம் தினமும் அவள் காதில் விழுந்ததுதான். அவள் வாயால் அதைச் சொல்ல வைக்கக் கூடாது என்று தோன்றியது.

"எங்க வீட்ல இருக்கு சார்" என்றேன்.

டாக்டர் தொழுவத்தின் கீற்றுத் தட்டியைப் பார்த்தார். அதில் ஒரு பொத்தல். "சாதா ஏர்கன்னா இந்தத் தட்டியத் தாண்டி இவ்ளோ ஆழம் எறங்காதும்மா. எதையோ மாத்தியிருக்காங்க. சக்தி ஒரு அளவுக்கு மேல போயிட்டா அதுக்கு லைசென்ஸ் வேணும். நெஜத் துப்பாக்கி மாதிரிதான் சட்டம் பாக்கும். மாட்டோட போச்சு. அந்த நேரம் இவங்க குனிஞ்சு பால் கறந்துகிட்டிருந்தா?"

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மாடு இழுத்ததால் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நான் அந்தப் பக்கம் சுடவே இல்ல" என்றார்.

"பின்ன குண்டு தானா நடந்து போச்சாங்க?"

"சொவத்துல பட்டுத் தெறிச்சிருக்கும்."

"தெறிச்சதா தட்டியப் பொத்துக்கிட்டு மாட்டுத் தொடைக்குள்ள போவும்?"

சாயங்காலம் அவள் புருஷன் வேனை நிறுத்திவிட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். போலீசுக்குப் போகப் போகிறேன் என்றார். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றார்கள். இவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் வெளியே நின்று கையைக் கூப்பினேன். கடைசியில் அவளே வந்து புருஷனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போகும்போது என்னிடம், "டாக்டர் சொன்னாரு அக்கா, நீங்களே கொண்டு போய்க் குடுத்துட்டா கேஸ் ஆவாதாம். நானும் வந்து எங்களுக்குப் புகார் இல்லன்னு சொல்றேன்" என்றாள்.

மறுநாள் அவரும் நானும் அவளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இவர் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றியிருந்தார். பஸ்ஸில் அதை மடியில் குறுக்கே வைத்திருந்தார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நான் அவர் பக்கத்தில் உட்காராமல் அவளோடு முன் சீட்டில் உட்கார்ந்தேன். பெண்கள் சீட் காலியாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் அன்றைக்குக் கூட்டம். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த இளவட்டப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். சிங்கப்பூருக்கும் கத்தாருக்கும் போகிறவர்கள். இவர் போர்வையைப் பிரித்து மேசைமேல் வைத்ததும் ஒருவன் இன்னொருவனை இடித்தான். "என்னா சித்தப்பா, சிட்டுக்குருவிக்கா?" என்றான். சிரிப்பு பரவியது. அவரும் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன்.

நானும் அவளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண் போலீஸ் வந்தார். "நீங்க யாரும்மா? அந்த ஆளுக்கு நீங்க என்ன வேணும்?"

"இவங்க பக்கத்து வீடு. மாட்டுக்காரங்க. நான் இவங்களுக்குத் துணைக்கு வந்தேன்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது. உள்ளே மேசை எங்களுக்குச் சில அடி தள்ளித்தான். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைப் பின்பக்கம் எடுத்துப்போனார். உடைந்த பெஞ்சின் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து ஒரு குண்டு போட்டுப் பார்த்தார். குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு போய்ச் சுவரில் காரையைப் பெயர்த்தது. பையன்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எதுக்குங்க இந்த வேல? ஒழுங்கா இருந்தத எதுக்கு மாத்தினீங்க?"

என் கணவர் பிரித்த போர்வையை நான்காக மடித்தார். பிறகு சொன்னார், எங்களுக்கும் கேட்கிற குரலில்தான். "அங்க கிரேன் ஓட்டுனேன் சார். பெரிய பெரிய இரும்பெல்லாம் தூக்கி வச்ச கை. இங்க வந்தா எதத் தொட்டாலும் அது ஏற்கனவே நடந்து முடிஞ்சிருக்கு. வீட்ல அவ எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கறா. குத்தம் சொல்ல முடியாது. இது ஒண்ணுதான் எங்கையால ஆவுதுன்னு இருந்துச்சு. அதுவும் பாதி தூரத்துல விழுந்துச்சு. அதான் மாத்துனேன். மாடு இருக்குன்னு யோசிக்கல சார். யோசிச்சிருக்கணும்."

சப்-இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குரல் கொஞ்சம் தணிந்தது. தானாக வந்து ஒப்படைத்ததாக எழுதச் சொன்னார். பிறகு வராந்தா பக்கம் எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரம்மா வந்திருக்காங்களா? சாட்சிக்கு ஒரு கையெழுத்து போடட்டும்" என்றார்.

நான் எழுந்தேன். அந்தப் பெண் போலீஸ் என்னைப் பார்த்தார். நகர்ந்து வழிவிட்டார். அந்த மேசைக்குப் போகும் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இப்போதும் என்னால் நடக்க முடியும். என் கணவர் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, எங்கே கையெழுத்து என்று விரலால் தொட்டுக் காட்டினார். எழுத்து கோணலாக விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாபநாசம் தாண்டியது. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து வயல் பச்சை பிடித்திருந்தது. "மேலுரம் போட்டாச்சா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல. எப்பப் போடலாம், நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் அப்படிக் கேட்டதே போலியாக இருந்தது, எனக்கே தெரிந்தது.

மாடு பிழைத்துக்கொண்டது. புண் ஆறும்வரை தினமும் காலையில் அவர்தான் அங்கே போய்க் கயிற்றைப் பிடித்து மருந்து போட்டார். வேன்காரர் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள், அங்கே டீ கொடுத்தார்கள் என்று இவர் வந்து சொன்னார். பழைய ஸ்பிரிங்கைப் போட்டுச் சோதித்த பிறகு துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்கவில்லை. அறுவடை தொடங்கியதும் ஒரு நெல் அறுக்கும் இயந்திரத்துக்கு டிரைவராகப் போனார். குத்தாலம் பக்கமெல்லாம் போய் ஓட்டினார். உடம்பெல்லாம் தூசியோடு வந்து படுத்தவுடன் தூங்குவார்.

ஸ்டேஷனில் நான் சொன்னதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் அவளுக்கும் இடையிலும் அந்தப் பேச்சு வந்ததில்லை. பால் கொண்டுவந்து கொடுக்கும்போது அவள் அக்கா என்று கூப்பிட்டால் சில நாள் எனக்கு முகம் சுருங்கும்.

அவரிடம் அந்தப் பேச்சை நானேதான் எடுத்தேன். வெகுநாள் கழித்து, மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. "அன்னிக்கு அந்தப் போலீஸ்காரம்மாகிட்ட நான் ஒண்ணு சொன்னேங்க" என்றேன்.

"என்ன சொன்ன?"

"உங்களுக்குக் காதுல விழுந்துச்சு."

"எனக்கு என்ன விழுந்துச்சு? கேஸ் போட்டுடுவாங்களோங்கற பயத்துல நின்னேன். ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார்.

அவர் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும். மேற்கொண்டு பேசினால் அவர் இன்னொரு பொய்யும் எனக்காகச் சொல்ல வேண்டிவரும். மோர்ச் சட்டியை எடுத்துவர உள்ளே போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரக் கொஞ்ச நேரமாயிற்று. அதுவரை அவர் இலையில் கைவைக்காமல் காத்திருந்தார்.