நனைந்த கடதாசியும் இரண்டு தூண்டில் தடிகளும்

நான் வேலை செய்த கடைக்கு வருவதாக அண்ணை சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை வரை எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்லர். ஹவுகெட்டோவில் நான் இருந்த கீழ் அறையின் வீட்டுக்காரர். ஒஸ்லோவில் பேருந்து ஓட்டினார். அவர் மனைவியை அக்கா என்பேன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. மாலை ஆறு மணிக்கு மேலேயிருந்து அக்கா படியில் நின்று, "தம்பி, சாப்பாடு" என்று கூப்பிடுவார். நான் போய் மேசையில் சன்னலோரக் கதிரையில் உட்காருவேன். படிக்க வந்து, மொழிப் பரீட்சைக்கும் வேலைக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்த எனக்கு நோர்வேயில் இருந்த ஒரே மேசை அதுதான்.

அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், தேத்தண்ணியைத் தந்துவிட்டு அண்ணை கேட்டார், "தம்பி ஊரிலை எவடம்?"

எங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால், அது வரைபடம் பார்ப்பதற்காக மட்டும் அல்ல, சாதியை அறியவும்தான். நான் படித்த பள்ளிக்கூடம் இருந்த பட்டினத்தின் பெயரைச் சொன்னேன். அதற்கு நாலு மைல் தள்ளி, கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டைச் சொல்லவில்லை.

"அப்பா என்ன செய்யிறார்?"

"மீன்பிடித் திணைக்களத்திலை வேலை."

வாயிலிருந்து தானாக வந்தது. என் அப்பா வலை போடுகிறவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் கையெழுத்துக்குப் பெருவிரலைத்தான் வைப்பார். நான் ஏழு வயதில் ஒரு நாள் வலையைத் தூக்கி உதவப் போனதற்கு, "இதைத் தொட்டாயெண்டால் கையை முறிப்பன். போய்ப் படி" என்றார். அதன் பிறகு நான் தொட்டதே இல்லை. படகு ஏறியதும் இல்லை.

சொன்ன பொய்யை ஒரு கிழமை கழித்துத் திருத்தியிருக்கலாம். ஆனால் இரண்டாவது கிழமையே அக்கா, எனக்கு முன் அந்த அறையில் இருந்தவரைப் பற்றிக் கதைத்தார். நல்ல பெடியனாம், அமைதியாம். "பிறகுதான் தெரிஞ்சுது கரைப்பக்கத்து மீன்பிடி ஆக்களெண்டு. நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை தம்பி. சாப்பாட்டைப் பெட்டியிலை போட்டுக் கீழை குடுத்துவிட்டம், அவ்வளவுதான்." அப்படிச் சொன்னபடியே என் தட்டில் இரண்டாவது மீன் துண்டை வைத்தார். நான் அதையும் சாப்பிட்டேன்.

வேலை கிடைத்தது அதற்குப் பிறகு. ஸ்ட்ரோம்மனில் பெரிய கடைத்தொகுதியில் விளையாட்டுச் சாமான்களும் மீன்பிடிச் சாமான்களும் விற்கும் ஒரு கடை. நேர்முகத்தில் முகாமையாளர், உயரமான நோர்வேஜியர், ஏன் மீன்பிடிப் பகுதி வேண்டும் என்று கேட்டார். எனக்கு எந்தப் பகுதி என்றாலும் போதும். "என் அப்பா மீனவர்" என்றேன். மனிதர் எழுந்து கை கொடுத்தார். அடுத்த கிழமை, வரும் வாடிக்கையாளர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "மீனவர் மகன்" என்று சொல்லத் தொடங்கினார். தூண்டில் தடியின் நீளம், எத்தனை கிராம் தாங்கும், நுனி எவ்வளவு வளையும் என்பதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோலக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு நான் நின்றேன். ஒரு மீனும் பிடித்ததில்லை.

ஒரே உண்மையைக் கடையில் விற்றுக்கொண்டும் வீட்டில் ஒளித்துக்கொண்டும் இருந்தேன். இரண்டுக்கும் நடுவே ரயில் ஓடியதால் பிழைத்தேன்.

அந்த ஆனி மாதச் செவ்வாய்க்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அக்காவின் அண்ணன் தொலைபேசி எடுத்தார். அண்ணைக்கு அவர் மச்சான். தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோரும் கேட்கும்படி போட்டார்கள். ஆடியில் அண்ணையும் அக்காவும் அங்கே போவதாக இருந்தது. மச்சான் மேற்குக் கரையில் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறார். அங்கே கொக்கனி என்று ஒரு மீன். சால்மன் சாதிதான், ஆனால் கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்கிறது. படகை மெல்ல ஓட்டியபடி தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பிடிக்க வேண்டும். அதற்கு ட்ரோலிங் என்று பெயர்.

"நோர்வேயிலை இத்தினை வருசம் இருந்தும் ஒரு மீன் பிடிக்கத் தெரியாத ஆள் நீர் ஒராள்தான்" என்றார் மச்சான். "வரேக்கை தடியைக் கொண்டு வாரும். என்ரை தடியை உம்மட கையிலை தரமாட்டன். போன முறை என்ரை கமெராவுக்கு நடந்தது தெரியும்தானே."

"கொண்டு வாறன், கொண்டு வாறன். எங்கடை வீட்டிலையே தடிக்கடைக்காரன் இருக்கிறான்."

தொலைபேசியை வைத்ததும் அண்ணை என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு உன்ரை கடைக்கு வாறன். ரெண்டு தடி தெரிஞ்சு தா."

"நான் வாங்கிக்கொண்டு வாறன் அண்ணை. நீங்கள் ஏன் அலையிறியள்?"

"நான் பிடிக்கப்போற தடியை நானெல்லோ கையிலை பிடிச்சுப் பாக்கோணும்?"

"லில்லெஸ்ட்ரோமிலை ஒரு கடை இருக்கு. அங்கை இன்னும் கூடச் சாமான்."

"நீ இருக்கேக்கை நான் ஏன் வேற கடைக்குப் போறன்? உன்ரை ஷெஃபோடையும் ரெண்டு வார்த்தை கதைக்கலாம். தம்பி நல்ல குடும்பத்துப் பிள்ளையெண்டு சொன்னால் உனக்கு நல்லதுதானே."

அங்கே முகாமையாளரை ஷெஃப் என்பார்கள். அக்கா, "ஓம், சொல்லுங்கோ" என்றார்.

மூன்று நாளும் பல்கலைக்கழக நூலகக் கணினியில் கொக்கனியைப் படித்தேன். வேறு எதைச் செய்வது என்று தெரியவில்லை. அந்த மீனின் வாய் மிக மெல்லியது, தூண்டில் முள் கொளுவிய இடம் சட்டென்று கிழிந்துவிடும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஆகவே விறைப்பான தடி கூடாது. நீளமாக, அடிவரை வளைகிற, தளர்ந்த தடி வேண்டும். மீன் உதறும்போது தடி விட்டுக்கொடுக்க வேண்டும். கார்பன் தடியை விடக் கண்ணாடி நார்த் தடி நல்லது. அவ்வளவையும் எழுதிக்கொண்டேன். முகாமையாளர் வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்கே தன் விடுமுறை மலைவீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளி பொருட்கள் ஏற்றிவந்த லொறி பிந்தியது. ஐந்து மணிக்கு அண்ணை உள்ளே வந்தபோது முகாமையாளர் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். நான் அண்ணையைக் கடைசி அடுக்குக்கு, சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து வெளியே போக ஒரே வழி. அதில்தான் முகாமையாளர் நின்றார்.

அண்ணை நேரே போய் எடுத்தது கட்டை குட்டையான ஒரு தடி, கடலில் பெரிய மீனுக்கு உரியது. "இதெல்லோ தடி. உது முறியாது."

"முறியாது அண்ணை. ஆனால் மீன் வராது."

"ஏன்?"

சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. கழிவறைக்குப் போய்க் கைதுடைக்கும் கடதாசியை நனைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தூண்டில் முள்ளை அதில் கொளுவி, நைலோன் நூலை அந்தக் கட்டைத் தடியில் கட்டி நான் பிடித்துக்கொண்டு, கடதாசியை அண்ணையின் விரல்களுக்கிடையில் கொடுத்தேன்.

"இதுதான் மீன்ரை வாய். நீங்கள் மீன் மாதிரி உதறுங்கோ."

"நான் மீனோ?"

"ஓம்."

அண்ணை சுற்றும் பார்த்துவிட்டு, ஒருதரம் கையை வெட்டி இழுத்தார். கட்டைத் தடி அசையவில்லை. கடதாசி கிழிந்து முள் என் சட்டையில் வந்து பட்டது. பிறகு நான் தெரிந்துவைத்திருந்த கண்ணாடி நார்த் தடியில் நூலை மாற்றிக் கட்டினேன். எட்டடிக்குச் சற்று மேல், மஞ்சள் நிறம், இரண்டாகக் கழற்றிக் குழாயில் போடலாம். அண்ணை உதறினார். தடி தலையை ஆட்டி ஆட்டி அவர் பின்னாலேயே போனது. இன்னும் பலமாக உதறினார். பாதித் தடி வளைந்தது, கடதாசி கிழியவில்லை. அண்ணைக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. அடுக்கின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனார்.

"அட, பிடிச்சுக்கொண்டு நிக்குது. இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"நூலகத்திலை படிச்சனான்."

அப்போதுதான் முகாமையாளர் வந்தார். அண்ணையின் கையில் ஈரக் கடதாசியையும் வளைந்த தடியையும் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார். அண்ணையின் தோளில் கை வைத்து, நோர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொன்னார்: "நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. இவனுடைய அப்பா மீனவர். சின்ன வயதிலிருந்தே படகில் வளர்ந்தவன்."

படகில் வளர்ந்தவன் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

அண்ணை என்னைப் பார்த்தார். நூலின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் தடியில். நான் தடியைக் கீழே வைத்தால் முள் இழுபடும் என்ற ஒரு நினைப்பில் வைக்காமல் நின்றேன். மறுத்தால் வேலை போகும், ஆமோதித்தால் வீடு போகும். முகாமையாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்.

அண்ணை நோர்வேஜிய மொழியில், "அப்படியா, நல்லது" என்றார். அதே மாதிரி இரண்டு மஞ்சள் தடிகளை எடுத்துக்கொண்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று சொல்ல வந்தவர் அதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு என் வேலை ஆறுக்குத்தான் முடிந்தது. அவர் காரில் காத்திருந்தார். ரயிலில் வருகிறேன் என்று சொல்லத் துணிவு வரவில்லை. பின்பக்கம் முழுக்கக் கனடாவுக்கு வாங்கிய சாமான்கள். தடிக் குழாயை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழாயின் ஒரு நுனி கதவை முட்டியது, மறு நுனி கியர்த் தடியின் மேலே நீண்டு நின்றது. தெற்கே போகும் பாதை முழுதும் மலைவீட்டுக்குப் புறப்பட்ட வாகனங்கள். கார் நின்றது, நகர்ந்தது, நின்றது. அண்ணை கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் நான் குழாயைத் தூக்கிக் கொடுத்தேன்.

ஒரு முறை கியரில் கையை வைத்தபடி கேட்டார், "அப்பா என்னத்திலை பிடிக்கிறவர்?"

"வலையிலை."

"தூண்டில் இல்லையோ?"

"இல்லை."

"உனக்கு?"

"எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை. தொட விடேல்லை."

"அப்ப உன்ரை ஷெஃபும் விசரன், நானும் விசரன்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. "திணைக்களம்" என்று ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, ஹவுகெட்டோ இறக்கத்தில் திரும்பும்போது, "அக்காவுக்குச் சொல்லாதை" என்றார். "எனக்கெண்டால் உதிலை ஒண்டுமில்லை. அவவின்ரை குணம் உனக்குத் தெரியும்தானே. சொல்லாதை."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு அந்த மேசையில் உட்காருவது முன்னை விடக் கடினமாயிற்று. முன்பு என் பொய்யை நான் தனியே வைத்திருந்தேன். இப்போது அக்கா ஊர்க்கதை எடுக்கும்போதெல்லாம் அண்ணை இருமுவார், தண்ணீர் கேட்பார், காலநிலை சொல்வார். ஒவ்வொரு தரமும் நன்றியாகவும் இருந்தது, எழுந்து ஓடவேண்டும்போலவும் இருந்தது. அப்பா தொலைபேசியில் பேசினால் நான் வெளியே வீதிக்குப் போய்விடுவேன். அவரிடமும் என்ன கடை என்று நான் சொல்லியிருக்கவில்லை. தூண்டில் விற்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கேட்பார்.

ஆடி முடிவில் இருவரும் திரும்பி வந்தார்கள். அண்ணை படங்களைக் காட்டினார். படகில் நின்று, வளைந்த மஞ்சள் தடியோடு. மச்சான் விறைத்த தடியால் மூன்று மீனின் வாயைக் கிழித்துத் தவறவிட்டாராம், இவர் ஏழு பிடித்தாராம். மச்சான் புகைபோட்டுக் கட்டித் தந்த கொக்கனியை அக்கா அன்றைக்கு வெங்காயத்தோடு பிரட்டியிருந்தார். முதல் துண்டு என் தட்டில்.

"என்ரை அண்ணன் கேட்டவர், உந்தத் தடி ஆர் தெரிஞ்சு தந்ததெண்டு" என்றார் அக்கா. "நான் சொன்னனான், எங்கடை கீழ்வீட்டுத் தம்பி, தேப்பன் மீன்பிடித் திணைக்களத்திலை பெரிய ஆளெண்டு. அங்கை வந்திருந்த சனத்துக்கெல்லாம் சொன்னனான்."

"அதை விடப்பா" என்றார் அண்ணை. "சொதியைக் கொண்டா."

என் பெருவிரலில் மீன் எண்ணெய் ஒட்டியிருந்தது. நான் பொய்யாக உண்டாக்கிய அப்பாவைக் கனடாவில் முன்பின் தெரியாத சனம் எல்லாம் மெச்சியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் இல்லை. இருக்கிறவரை ஒருவருக்கும் தெரியாது.

"அப்பா திணைக்களத்திலை இல்லை அக்கா" என்றேன். "வலைக்குப் போறவர். எங்கடை வீடு கடற்கரையிலை. முதல் நாள் பொய் சொல்லிப்போட்டன்."

அண்ணை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். "சாப்பிடு, ஆறப்போகுது" என்றார்.

அடுத்த நாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் ஆறு மணிக்குச் சத்தம் வரவில்லை. கதவைத் திறந்தேன். கடைசிப் படியில் ஐஸ்கிறீம் வந்த பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, மேலே துணி. உள்ளே சோறு, பருப்பு, கத்தரிக்காய், எல்லாம் நிறைய. வழக்கத்தை விட நிறைய. அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த அறையின் சன்னல் நிலமட்டத்தில் இருந்தது, அதில் புல்லும் ஆட்களின் கால்களும் மட்டும் தெரியும். அப்படி ஐந்து நாள் போயிற்று. பெட்டியைக் கழுவிப் படியில் வைப்பேன், அது மாலையில் நிறைந்து வரும்.

ஆறாம் நாள் பெட்டியைத் திறக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு படியேறிக் கதவைத் தட்டினேன். திறந்துதான் இருந்தது. இருவரும் மேசையில் இருந்தார்கள். நான் சன்னலோரக் கதிரையை இழுத்து உட்கார்ந்து, பெட்டியை முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். அண்ணை எழும்பப் பார்த்தார், பிறகு இருந்தார்.

அக்கா என் பெட்டியைப் பார்த்தார். பிறகு அலுமாரிக்குப் போய் ஒரு தட்டை எடுத்து, சத்தம் வரும்படியாக என் முன்னால் வைத்தார். "பெட்டியிலை தின்னுறதுக்கு இஞ்சை என்னத்துக்கு வந்தனி? கொட்டு இதிலை."

கொட்டினேன்.

அந்த வீட்டில் இன்னும் ஏழு மாதம் இருந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் கூப்பிட்டார், சில நாள் பெட்டி வந்தது. பெட்டி வந்த நாட்களில் அதைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.