மாலையோடு வந்தவர்கள்

தொண்ணூற்றெட்டாம் வருடம் ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் ஜெபராஜ் அண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்தார். கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டியிலேயே மூன்று தடவை எடுத்தார். நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். ஐந்து துண்டுகள் நனைந்தன. ஆறாவது துண்டு என் தோளில் கிடந்தது. அதையும் எடுக்க வைத்துவிடாதேயும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டே போனேன்.

சபையாரே, இது என் சொந்த நோயைப் பற்றிய சாட்சி அல்ல. எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று பல உண்டு. அவற்றைப் பற்றி எழுத இது இடம் இல்லை. பத்து வருடமாக நெஞ்சில் கிடக்கிற ஒன்றை எழுபத்தொரு வயதில் இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஜெபராஜ் அண்ணன் சாக்ஸபோன் வாசிக்கிறவர். வாலிபத்தில் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு ஓட்டலில் ஜாஸ் குழுவோடு பதினான்கு வருடம் வாசித்தார். ஊருக்குத் திரும்பி வந்து ஒன்பது பேரைச் சேர்த்து பேண்டு செட் தொடங்கினார். கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, சர்ச்சு அசன விருந்து, சாவு எல்லாவற்றுக்கும் போவார்கள்.

ஊர்வலத்தில் ஜனங்கள் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். அவரும் வாசிப்பார். ஆனால் இரண்டாவது சரணம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை விட்டு வெளியே போய்விடுவார். அவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. தீப்பெட்டி ஆலையில் முப்பத்து நான்கு வருடம் பண்டல் எண்ணியவன் நான். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. ஊரில் எனக்குப் பெயரே ‘கணக்கப்பிள்ளை’தான். தவில்காரன் தட்டுவதை எண்ணிக்கொண்டே கூட நடப்பேன். மனுசன் தொலைந்தே போனார் என்று நான் பதறுகிற இடத்தில், முப்பத்திரண்டு முடிந்த அடுத்த தட்டில், பாட்டின் முதல் வரியில் வந்து நிற்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிறவர்கள் மடியை அவிழ்க்காமலே ரோட்டுக்கு ஓடிவந்து கேட்பார்கள். ஓட்டப்பிடாரம், குளத்தூர் வரைக்கும் அவர் ‘சாக்ஸ் அண்ணாச்சி’தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டில் கூடுகிற ரசிகர்கள் நாங்கள் இருபத்திரண்டு பேர். அதில் கிறிஸ்தவர்கள் ஏழு பேர்தான்.

டாக்டர் வயிற்றில் கட்டி என்றார். அறுத்து எடுக்க வேண்டும். அண்ணனுடைய ரத்தம் ஓ நெகட்டிவ், சுலபத்தில் கிடைக்காத வகை. நான்கு பேர் வந்து ரத்தம் கொடுத்தால்தான் ஆபரேசன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாந்தி நின்றதும், ஆட்கள் கிடைத்த பிறகு கூட்டி வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி ஒரு தடவை ரத்தம் போனால் தாங்காது என்றும் சொன்னார்கள்.

எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்தோம். எங்கள் வீட்டு ஆட்களுக்குப் பார்த்தோம். சபை வாலிபர்களுக்குப் பார்த்தோம். எழுபத்தொரு பேர். ஒருவருக்கும் பொருந்தவில்லை. எட்டு நாள் ஓடிவிட்டது.

அந்த எட்டு நாளும் நான் ஒரே ஜெபம்தான் பண்ணினேன். “ஆண்டவரே, நாலு பேர். நாலே நாலு பேர்.” சாப்பிடும்போதும் அதுதான், நடக்கும்போதும் அதுதான். வேறு வார்த்தை வரவில்லை.

ஜெபராஜ் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி ரூபி அக்கா கஞ்சியை வைத்துக்கொண்டு கெஞ்சுவார். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. நோய்க்கு முன்னால் மனசு செத்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த அவருடைய பேண்டு செட்டே அவர் வாசலில் நின்று அவருக்காக வாசித்தால் என்ன?

எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்தேன். நாற்காலி இருபத்தைந்து. காப்பி டம்ளர் முப்பது. சிவப்புக் கோட்டு போடாமல் ஒருத்தரும் வரக்கூடாது என்று கிளாரினெட் தங்கையாவிடம் இரண்டு தடவை சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அண்ணனுக்குப் பிடித்த ஒரு பழைய கீர்த்தனையை மெதுவாக ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போர்வைமேல் அவர் விரல்கள் அசைந்தன. எட்டு நாளில் முதல் தடவை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஓட்டப்பிடாரம் பஸ் தெருமுனையில் திரும்பியது. கண்டக்டர் படியில் நின்று எங்களைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

எல்லாவற்றையும் எண்ணியவன் ஒன்றை யோசிக்கவில்லை. சீக்காளி படுத்திருக்கிற வீட்டு வாசலில் பேண்டு செட் நின்று மெதுவாகக் கீர்த்தனை வாசித்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

முதலில் பலசரக்குக் கடை மாரியப்பன் அண்ணாச்சி வந்தார். கையில் ஆள் உயர ரோஜா மாலை. முகமெல்லாம் கண்ணீர்.

“எப்ப வே உசிரு போச்சு?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரு, மாரியப்பனா? உள்ள வாரும். இன்னும் போகல.”

அண்ணாச்சி கையிலிருந்து மாலை நழுவி விழுந்தது. ரூபி அக்கா வெளியே ஓடிவந்தார். “பாவி மனுசா, கணக்கப்பிள்ள! என் தாலிய நீரே அறுத்துட்டீரே! யாரு வே உம்ம மேளம் வைக்கச் சொன்னா?” என்று என்னைப் பார்த்துக் கதறினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அன்றைக்குப் பூமி பிளந்திருந்தால் சந்தோசமாக உள்ளே போயிருப்பேன்.

மாலைகள் வந்துகொண்டே இருந்தன. கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். ஐந்தரை மணிக்கு அடுத்த பஸ்ஸில் ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்தார்கள். டிராக்டரில் வந்தார்கள். குளத்தூரிலிருந்து உப்பளத்து ஆட்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். தெரு நிறைந்துவிட்டது. நாற்பத்தொரு மாலை. சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று எல்லாரும் கையில் பிடித்துக்கொண்டே திகைத்து நின்றார்கள்.

அண்ணன் தன்னைத் தூக்கி வாசலில் உட்கார வைக்கச் சொன்னார். உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“எதுக்குக் கையில வச்சிக்கிட்டு நிக்கிய? என் கழுத்துல போடுங்க. செத்த பெறவு எனக்கு வாசமா தெரியப்போவுது?”

“வாய மூடுங்க” என்று ரூபி அக்கா அதட்டினார். பிறகு அவரே உள்ளே போய் சாக்ஸபோனை எடுத்து வந்து நாற்காலியில் நிறுத்தினார். “இதுக்குப் போடுங்கய்யா. இவருக்கு வேண்டாம்.”

ஒவ்வொருவராக வந்து வாத்தியத்துக்கு மாலை போட்டார்கள். சும்மா போடவில்லை. “என் மக கல்யாணத்துல விடிய விடிய வாசிச்சீங்க அண்ணாச்சி” என்றார் ஒருவர். “எங்க அய்யாவ நீங்கதான் சுடுகாடு வரைக்கும் கூட்டிட்டுப் போனிய” என்றார் இன்னொருவர். பருத்திக் காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா அவர் காலைத் தொட்டு அழுதார். அண்ணன் எல்லாரிடமும் தலையை ஆட்டினார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

மாரியப்பன் அண்ணாச்சிதான் நடையில் ஏறி நின்று சத்தம் போட்டார். “துட்டி கேக்க வந்தவிய யாரும் போகாதிய! அவருக்கு மாலை வேண்டாம், ரத்தம் வேணும். வெரல நீட்டிட்டுப் போங்க!”

இரண்டு தெரு தள்ளி இருந்த லேப்காரர் ஊசியும் கண்ணாடிச் சில்லுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நூற்று எண்பத்தாறு விரல்கள். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். அறுபத்திரண்டாவது ஆள் ஓ நெகட்டிவ், உப்பளத்துக்காரர். தொண்ணூறாவது ஒரு தையல்காரர். நூற்று முப்பத்தேழாவது, காலைத் தொட்டு அழுத அந்த அம்மா. கடைசியில் டூட்டி முடிந்து துக்கம் கேட்க வந்த பஸ் கண்டக்டர். விசயம் தெரிந்து அவர் கூனிக் குறுகிப்போனார். “பொய்ச் சேதி சொன்ன பாவத்துக்கு என் ரத்தத்தையாவது எடுங்க சார்” என்று விரலை நீட்டினார். அவர்தான் நாலாவது.

நான் கேட்டது நாலு பேர். வந்தது நாலு பேர். என் மடத்தனத்தையே வழியாக வைத்து ஆண்டவர் அனுப்பினார். மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேசன் நடந்தது. அண்ணன் பிழைத்தார்.

இதோடு நிறுத்தினால் நல்ல சாட்சிதான். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும் அல்லவா? வயிறு முழுக்கத் தையல் இருந்ததால் இனி ஊதவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மாதம் கழித்து அண்ணன் யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை ஊதிப் பார்த்தாராம். காற்றுத்தான் வந்ததாம், சுரம் வரவில்லையாம். சாவு மாலை விழுந்த வாத்தியம் அது. சகுனம் பார்ப்பது விசுவாசிக்குத் தகாது. ஆனாலும் அந்த நினைப்பு எனக்கு வராமல் இல்லை.

ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார். “வே கணக்கு, நீரு உசிருக்கு மட்டும் கேட்டீராக்கும்? மூச்சுக்கும் சேத்துக் கேட்டிருக்கலாம்லா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்று முதல் ராத்தூக்கம் கெட்டது. அளந்து கேட்டு விட்டோமே, கஞ்சத்தனமாகக் கேட்டு விட்டோமே என்று புழுங்கினேன்.

ஆபரேசனுக்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தார். அவ்வளவுதான்.

தங்கையாவும் மற்றவர்களும் சிவப்புக் கோட்டு போட்டு வந்து வாசித்தார்கள். ஆனால் ஜனம் வரவில்லை. டீக்கடையில் நானே காதால் கேட்டேன். “போன தடவையும் இப்படித்தான் மேளம் வச்சாவ. ஓடிப்போய்ப் பாத்தா மனுசன் உக்காந்து பேசிக்கிட்டிருக்காரு.” கண்டக்டர் எங்கள் தெருவைத் தாண்டும்போது பார்த்திருக்கிறார். ஒரு தடவை பட்டது போதும் என்று யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். கல்லறைக்கு வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர். மாலை ஆறு.

அதை எண்ணி முடித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. எப்பேர்ப்பட்ட மனுசன், இப்படி நாதியற்றவர் மாதிரியா போக வேண்டும்? எல்லாம் என்னால்தானே? கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்று சத்தமாக அழுதேன். ரூபி அக்கா என் பக்கத்தில் வந்தார்.

“எதுக்கு அழுதீரு? ஆளு வரலன்னா?”

தலையாட்டினேன்.

“எல்லாரும்தான் அன்னைக்கே வந்துட்டாவளே. அத எங்க வீட்டுக்காரவிய கண்ணால பாத்தாவ, காதால கேட்டாவ. சாகுத வரைக்கும் தெனமும் அந்தப் பேச்சுத்தான் என்கிட்ட. யாரு வந்தா, யாரு என்ன சொன்னான்னு. அம்புட்டு சந்தோசம். இன்னைக்கு ஆயிரம் பேரு வந்து என்ன செய்ய? அவிய பாக்கவா போறாவ?”

நான் நாலு பேருக்குத்தான் ஜெபித்தேன். அண்ணன் ஜனங்களுக்குச் செய்ததெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் காதில் விழ வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. கேட்டது கிடைத்ததை எண்ணிக்கொண்டிருந்தவனுக்குக் கேளாமல் கிடைத்தது கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் மத்தியானம் ஒரு நோயாளி வீட்டுக்குப் போகிறேன். நம் சபையா, வேறு சாமியைக் கும்பிடுகிறவர்களா என்று பார்ப்பதில்லை. அவர்கள் இந்த ஊருக்குச் செய்ததில் எனக்குத் தெரிந்ததை அவர்களிடமே சொல்லிவிட்டு, ஜெபித்துவிட்டு வருகிறேன். அண்ணனுக்கு ஊதுகிற மூச்சு திரும்பி வராத துக்கம் எனக்குத் தீரவில்லை. ஆனால் ஜெபிக்கும்போது நான் இப்போது அளவு சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். எனக்குக் கேட்கவே தெரியவில்லை. தெரியாமல் கேட்டவனுக்கே அவ்வளவு ஜனத்தை அனுப்பியவர் அவர். உங்களையும் வெறும் வாசலோடு விட்டுவிட மாட்டார்.